சம்பளக் கணக்கும் இரும்பு அலமாரியும்

மலர்க் குழுவினர் "ஏதாவது சரித்திரமா எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். கல்லூரியின் சரித்திரத்தை எழுத என்னைவிட மூத்தவர்கள், தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை அவர்கள் எழுதட்டும். நான் கணிதம் படித்துவிட்டு, தற்செயலாகக் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கி, உத்தியோக காலத்தில் பெரும்பகுதியை அடுத்தவர்களுடைய சம்பளத்தைக் கணக்குப் போடும் புரோகிராம்களோடு கழித்தவன். எனக்குத் தெரிந்த சரித்திரம் அதுதான். "சம்பளத்துக்கு என்னய்யா சரித்திரம்?" என்று சிலர் நினைக்கலாம். ஒரே ஒரு மாதம் முதல் தேதி சம்பளம் வராமல் போகட்டும், அப்போது தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குப் பல கம்பெனிகள் தங்கள் ஊழியர்களின் சம்பளத்தைத் தாமே கணக்குப் போடுவதில்லை. அதற்கென்றே இருக்கும் சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். வருகைப் பதிவு ஓர் இடத்தில் இருக்கும், லீவு கணக்கு இன்னோர் இடத்தில் இருக்கும். இவையெல்லாம் சம்பளச் சேவையோடு பேச வேண்டுமே, அதற்காக அந்தச் சேவை நிறுவனம் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கும். அந்த வாசலுக்குப் பெயர் ஏ.பி.ஐ. வாசலில் எப்படித் தட்ட வேண்டும், யாரென்று எப்படிச் சொல்ல வேண்டும், கேட்டதை எந்த வரிசையில் நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் நமக்குப் பதிலாகச் செய்து கொடுக்கிற, முன்கூட்டியே எழுதிவைத்த நிரல் தொகுப்புக்குப் பெயர் லைப்ரரி. நம் கணினித் துறைத் தம்பி தங்கைகளைக் கேட்டால், "நாலு வரிதான் சார், லைப்ரரியை இறக்கிக்கணும், சாவியைக் குடுக்கணும், ஆள் பட்டியலை அனுப்பணும், பதிலை வாங்கிக்கணும்" என்பார்கள். உண்மைதான், நாலு வரிதான். அந்த நாலு வரிக்குப் பின்னால் எழுபத்தைந்து வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. லைப்ரரி பிறந்த கதை ஒன்று. சம்பளக் கணக்கை மெஷினிடம் கொடுத்த கதை இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் இங்கிலாந்தில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிப் பிறந்து வளர்ந்தவை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தலைமையில் எட்சாக் என்றொரு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். 1949 மே 6ஆம் தேதி அது தன் முதல் புரோகிராமை ஓட்டியது. நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்களில். அதில் ஓடும் ஒலி அலைதான் எண்களைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் மொத்தம் 512 சொற்கள்தான் இடம். இன்றைய கணக்கில் சுமார் 1 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அதில் அடங்காது.

அந்த மெஷினில் கூட்டல், கழித்தல், பெருக்கல் உண்டு. வகுத்தல் கிடையாது! வகுக்க வேண்டுமானால் அதற்கு ஒரு குட்டிப் புரோகிராம் எழுத வேண்டும். ஒருவர் எழுதினார். அடுத்தவரும் அதையே மறுபடி எழுத வேண்டுமா? வேண்டாம் என்று ஒரு வழி செய்தார்கள். வகுத்தலுக்கு ஒரு காகித நாடா, வர்க்கமூலத்துக்கு ஒரு நாடா, விடையை அச்சடிக்க ஒரு நாடா என்று துளையிட்ட நாடாத் துண்டுகளைத் தயார் செய்து, ஒரு இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வகைக்கு ஓர் எழுத்து, அதற்குள் வரிசை எண். வகுத்தலுக்கு டி, அச்சுக்கு பி. வேண்டியவர் அலமாரியைத் திறந்து, நாடாவை எடுத்து, மெஷினில் வைத்துத் தன்னுடைய நாடாவில் நகல் எடுத்துக்கொண்டு, பத்திரமாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டியது. லைப்ரரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. உருவகம் எல்லாம் இல்லை, நிஜமான அலமாரி, நிஜமான இரவல்.

இதில் முக்கியமான மூளை டேவிட் வீலர் என்ற இளைஞருடையது. அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர்; 1951இல்தான் டாக்டர் பட்டம். மெஷினை எழுப்பிவிட அவர் எழுதிய தொடக்க ஆணைகள் முதலில் வெறும் 31. அந்த 31 ஆணைகளுக்குள் ஒரு காகித நாடாவைப் படித்து நினைவகத்தில் இடம் பார்த்து உட்காரவைக்கும் வேலையை முடித்தார். அவர் அவிழ்த்த இன்னொரு முடிச்சு இது. ஒரு புரோகிராம் நடுவில் நின்று, வகுத்தல் நாடாவிடம் வேலையைக் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் அது எங்கே திரும்ப வேண்டும்? அதை அழைத்த இடம் பத்து இருக்கலாமே. எட்சாக்கில் 'போய் வா' என்பதற்குத் தனி ஆணை இல்லை. வீலர் என்ன செய்தார் என்றால், அழைக்கிறவன் தன் முகவரியைக் கையில் பிடித்துக்கொண்டே போவான். போய்ச் சேர்ந்த இடத்தில், அந்த முகவரியை வைத்துக் குட்டிப் புரோகிராம் தன் கடைசி வரியைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் நேரே அந்த முகவரிக்கு. இதற்கு வீலர் தாவல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் இது தாத்தா முறை.

1951இல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து இதையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டார்கள். புரோகிராம் எழுதுவது பற்றி வந்த முதல் பாடப் புத்தகம் அதுதான் என்று சொல்வது வழக்கம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் வீலர் ஒரு சின்னக் கட்டுரை படித்தார். மிகச் சிறிய கட்டுரைதான். அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் சொல்லியிருக்கிறேன். நிரலை எழுதியாயிற்று, சோதித்தும் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதவனும் பயன்படுத்தும்படி ஒரு விளக்கம் எழுத வேண்டும், அதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலையாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. 1952இல் சொன்னது! ஏ.பி.ஐ. விளக்கக் குறிப்பைப் படித்துப் படித்து நள்ளிரவில் தலையில் அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இனி, அடுத்த வீடு. ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி என்பது லண்டனில் டீக்கடை வைத்திருந்த கம்பெனி. நம் ஊர் டீக்கடை மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஊரெங்கும் கடைகள், சொந்த பேக்கரி, கேக், ஐஸ்கிரீம் என்று பிரம்மாண்டமான வியாபாரம். ஒவ்வொரு விற்பனையும் சில பென்னிகள்தான். கோடிக்கணக்கான சில்லறை விற்பனைக்குக் கணக்கு எழுதவே ஒரு குமாஸ்தாப் பட்டாளம் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு வந்த ஜான் சிம்மன்ஸ் என்பவர் அங்கே அலுவலக முறைகளைப் பார்த்துக்கொண்டார். 1947இல் லயன்ஸிலிருந்து தாம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இருவர் அலுவலக யந்திரங்களைப் பார்த்து வர அமெரிக்கா போனார்கள். பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தபோது, அவர் உங்கள் ஊர்க் கேம்பிரிட்ஜிலேயே ஒருவர் மெஷின் கட்டுகிறாரே என்று வில்க்ஸைக் கைகாட்டினார். கடல் தாண்டிப் போய் அடுத்த தெரு விலாசத்தை விசாரித்து வந்த கதை. திரும்பி வந்ததும் லயன்ஸ் கம்பெனி எட்சாக் வேலைக்கு 3,000 பவுண்டு கொடுத்து, தங்கள் ஆள் ஒருவரையும் உதவிக்கு அனுப்பிவைத்தது. எட்சாக் ஓட ஆரம்பித்ததும், அதை மாதிரியாக வைத்துத் தாங்களே ஒரு கம்ப்யூட்டர் கட்டினார்கள். பன், கேக் விற்கிற கம்பெனி கம்ப்யூட்டர் கட்டியது! பெயர் லியோ. கட்டியவர் ஜான் பிங்கர்ட்டன்; புரோகிராம் பக்கம் டேவிட் காமினர்.

1951 நவம்பரில் பேக்கரி உற்பத்தியின் மதிப்பை வாரம்தோறும் கணக்கிடும் வேலையை லியோ எடுத்துக்கொண்டது. ஒரு வியாபார நிறுவனத்தின் வழக்கமான அன்றாட வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது அதுவே முதல் முறை என்கிறார்கள். ஆனால் அவர்கள் குறி வைத்திருந்தது சம்பளத்தை.

சம்பளக் கணக்கில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். பெருக்கல் கஷ்டம் இல்லை. பிரிட்டனில் 1944 முதல் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிக்கும் முறை வந்தது. அந்த வாரச் சம்பளத்துக்கு அந்த வார வரி என்று முடிந்துவிடாது. ஏப்ரல் தொடங்கி அன்றுவரை அந்த ஆள் வாங்கிய மொத்தம், கட்டிய வரி மொத்தம் இரண்டையும் வைத்துத்தான் இந்த வாரம் எவ்வளவு பிடிப்பது என்று வரும். ஆக, போன வாரத்து மிச்சக் கணக்கு இந்த வாரம் கைக்கு வந்தே ஆக வேண்டும். ஒரு வாரம் தவறினால் சங்கிலி அறுந்தது. இதற்கு மேல் நாணய விவகாரம்: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. மெஷினுக்கோ இரண்டின் அடிமானம்தான் தெரியும். நினைவகம் 9 கிலோபைட்டுக்குள். சுமார் ஆறாயிரம் வால்வுகள், எது எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் நின்றுவிட்டால் எந்த ஊழியரிலிருந்து மறுபடி தொடங்குவது, இரண்டு தடவை கணக்காகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் புரோகிராம் எழுதும்போதே யோசித்தார்கள். சரிபார்ப்பு மொத்தங்கள் ஒத்துப்போனால்தான் அடுத்த கட்டம். காமினர் இதில் படு கண்டிப்பு.

1954 பிப்ரவரியில் லயன்ஸ் ஊழியர்களின் சம்பளம் லியோவில் நிரந்தரமாக ஓட ஆரம்பித்தது. அனுபவமுள்ள குமாஸ்தா ஒருவருக்கு 8 நிமிடம் பிடித்த கணக்கை ஒன்றரை வினாடியில் முடித்தது. இந்தச் சம்பளப் புரோகிராம்களில் வேலை செய்தவர்களில் மேரி கூம்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். வியாபாரக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். கல்லூரியில் அவர் படித்தது பிரெஞ்சு. நம் கலைப் பிரிவு நண்பர்கள் கவனிக்க.

லியோவைப் பற்றிக் கேள்விப்பட்ட மற்றக் கம்பெனிகள் வந்து கேட்க ஆரம்பித்தன. 1956இல் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் பிரிட்டிஷ் பிரிவுடைய சம்பளக் கணக்கை லியோவில் போட்டுக் கொடுத்தார்கள். இங்கேதான் நம் கதையின் இரண்டு கிளையும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. தன்னுடைய ஆட்களின் சம்பளத்தைத் தன் கட்டடத்துக்கு வெளியே, அடுத்தவன் மெஷினில் போடுகிற ஏற்பாடு. அதற்கு முதல் நிபந்தனை என்ன? ஊழியர் எண் எந்தக் கட்டத்தில், வேலை செய்த நேரம் எந்தக் கட்டத்தில், பிடித்தம் எந்தக் கட்டத்தில், எத்தனை இலக்கம் என்பதை இரு தரப்பும் முன்கூட்டிப் பேசி, அதிலிருந்து மாறாமல் இருப்பது. கம்பி இல்லை, இணையம் இல்லை, ஆனால் அந்த உடன்படிக்கை இருக்கிறதே, அதற்குத்தான் பிற்பாடு ஏ.பி.ஐ. என்று பெயர் வந்தது என்பது என் கட்சி. கணினித் துறைப் பேராசிரியர்கள் சண்டைக்கு வந்தால் சாப்பாட்டு இடைவேளையில் வைத்துக்கொள்வோம்.

இதே சமயத்தில் அமெரிக்காவில், கம்ப்யூட்டரே இல்லாமல் இந்த வியாபாரம் தொடங்கிவிட்டிருந்தது. நியூஜெர்சி மாநிலம் பேட்டர்சன் நகரில் ஹென்றி டாப் என்பவர் 1949இல் ஆட்டோமேடிக் பேரோல்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். வயது 22 நிரம்பியிருந்தால் பெரிது. ஒரு கம்பெனியில் சம்பளக் குமாஸ்தா உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, ஊழியர்களுக்குச் சம்பளம் வராமல் போனதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பெயரில் 'ஆட்டோமேடிக்' இருந்தாலும் ஆரம்பத்தில் கணக்கு யந்திரங்களும் மனிதர்களும்தான். விற்பனையாளராக வந்து சேர்ந்த ஃபிராங்க் லாட்டன்பெர்க் கம்பெனியை நாடெங்கும் கொண்டுபோனார்; பின்னாளில் அவர் அமெரிக்க செனட்டர். 1961இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது, ஐ.பி.எம். 1401 மெஷினும் வந்தது. அதுதான் இன்றைய ஏ.டி.பி. அமெரிக்காவில் ஆறில் ஒரு தொழிலாளிக்குத் தாங்கள்தான் சம்பளம் போடுகிறோம் என்பது அந்தக் கம்பெனியே சொல்லும் கணக்கு.

கணக்குப் போட்டாயிற்று, பணம் எப்படிப் போகும்? நம் கல்லூரி அலுவலக ஜன்னலில் வரிசையில் நின்று, அக்விட்டன்ஸ் ரோலில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு நோட்டு வாங்கிய பேராசிரியர்கள் இன்றைக்கும் இந்த மலரைப் படிப்பார்கள். பிரிட்டனில் 1968இல் வங்கிகள் சேர்ந்து பாக்ஸ் என்ற பொதுக் கணக்கு நிலையத்துக்கு அடித்தளம் போட்டன. காந்த நாடாவில் சம்பளப் பட்டியல் போய்ச் சேர்ந்தால் அந்தந்தக் கணக்கில் பணம் ஏறும். அமெரிக்காவில் 1972இல் கலிபோர்னியாவில் முதல் ஏ.சி.எச். நிலையம். அதற்கென்று ஒரு கோப்பு வடிவம் வகுத்தார்கள்: ஒவ்வொரு வரியும் சரியாக 94 எழுத்து. ஒரு எழுத்து இடம் மாறினாலும் வங்கி திருப்பி அனுப்பிவிடும். இன்றைக்கு எவ்வளவு நவீனமான லைப்ரரியைக் கொண்டு சம்பளம் போட்டாலும், அமெரிக்காவில் பெரும்பாலும் கடைசியில் பணம் போவது அந்த 94 எழுத்து வரியில் ஏறித்தான். மேலே கிரானைட், கீழே அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை.

2000ஆம் ஆண்டு இந்தக் கதையில் ஒரு திருப்பம். அந்த ஆண்டில்தான் சேல்ஸ்ஃபோர்ஸ், ஈபே போன்ற கம்பெனிகள் இணையம் வழியாகத் தங்கள் வாசலை வெளியாருக்குத் திறந்துவிட்டன. அதே ஆண்டு ராய் ஃபீல்டிங் என்ற கலிபோர்னியா மாணவர் தன் டாக்டர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற முறையை விவரித்தார். இரும்பு அலமாரியும் இணையத்துக்கு வந்துவிட்டது: பெர்ல் மொழிக்கு 1995இல் சீபான், ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010இல் என்.பி.எம். ஒரு வரி தட்டினால் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் உங்கள் மெஷினில் வந்து உட்காரும். எடுத்த இடத்தில் திருப்பி வைக்கும் சிரமமும் இல்லை.

அலமாரி பெரிதானால் அதன் சங்கடமும் பெரிது. 2016 மார்ச்சில் என்.பி.எம். அலமாரியிலிருந்து லெஃப்ட் பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் கோபித்துக்கொண்டு எடுத்துவிட்டார். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் அல்லது இடைவெளி சேர்க்கிற அற்ப வேலை. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் கட்டமுடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் திருப்பி வைத்தார்கள் என்றாலும், யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

சரி, அந்த நாலு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். லைப்ரரி முதலில் செய்வது அனுமதி வாங்குவது. 2012இல் வெளியான ஓ-ஆத் 2.0 என்ற முறைப்படி, கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ஒரு தற்காலிகச் சீட்டு வாங்கிக்கொள்ளும். சீட்டு காலாவதியானால் புதுச் சீட்டு. ஆயிரம் ஊழியர் பட்டியல் கேட்டால் சேவை ஒரே மூச்சில் கொடுக்காது, பக்கம் பக்கமாகக் கொடுக்கும். லைப்ரரி கடைசிப் பக்கம்வரை கேட்டு வாங்க வேண்டும். அவசரப்பட்டு மேலே மேலே கேட்டால் 429 என்று பதில் வரும். 'கொஞ்சம் பொறு தம்பி' என்று அர்த்தம். பொறுத்துக் கேட்க வேண்டும். இவையெல்லாம் அலுப்பான வேலைகள், ஆபத்தானவை அல்ல.

ஆபத்து வேறு இடத்தில். 'இந்த மாதச் சம்பளத்தைப் போடு' என்று அனுப்பிவிட்டீர்கள். பதில் வரவில்லை, இணைப்பு அறுந்துவிட்டது. சம்பளம் போயிற்றா, போகவில்லையா? போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினால் எல்லோருக்கும் இரட்டைச் சம்பளம் ஆகலாம். போயிற்று என்று நினைத்து விட்டுவிட்டால் ஒருவருக்கும் இல்லாமல் போகலாம். இதற்காக நல்ல சேவைகள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நீங்களே ஒரு தனி எண் சூட்டி அனுப்பவேண்டும்; அதே எண் மறுபடி வந்தால் சேவை மறுபடி பணம் போடாது, பழைய பதிலையே கொடுக்கும். வால்வு அணைந்து நின்ற லியோவில், எந்த ஊழியரிலிருந்து தொடங்குவது என்று காமினரின் ஆட்கள் போட்ட கணக்குக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் மாணவர்களே, சில லைப்ரரிகள் பதில் வராவிட்டால் தானாகவே மறுபடி அனுப்பும். அப்போது எண்ணையும் புதிதாகச் சூட்டிவிடுகிறதா, பழைய எண்ணையே அனுப்புகிறதா என்று உள்ளே திறந்து பாருங்கள். விளக்கக் குறிப்பில் இது இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

பைசா விவகாரமும் உண்டு. கம்ப்யூட்டரில் சாதாரண தசம எண்ணில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். இரண்டின் அடிமானத்தில் பத்தில் ஒன்றை முழுசாக எழுத முடியாது என்பதே காரணம்; ஷில்லிங்கோடு லியோ பட்ட அதே பாடு. அதனால்தான் 1959இல் தொடங்கிய கோபால் மொழியில் பத்தடிமானக் கணக்குக்கு முதல் மரியாதை. இன்றும் நல்ல சம்பள ஏ.பி.ஐ.க்கள் பல, தொகையை எழுத்துச் சரமாகவோ பைசா எண்ணிக்கையாகவோதான் வாங்கும். நம் ஊர்க் கணக்குக்கு இதற்கு மேலும் சிக்கல் உண்டு. பி.எஃப். சட்டம் 1952, இ.எஸ்.ஐ. சட்டம் 1948. தொழில் வரி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பக்கத்துக் கர்நாடகத்தில் மாதாமாதம். 2012இல் பி.எஃப். கணக்கை மின்னணுக் கோப்பாக அனுப்பும் முறை வந்தது. பின்னர் அந்தக் கோப்பில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் ஹாஷ், டில்டே, ஹாஷ் என்று மூன்று குறி போட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த மூன்று குறியை மறக்காத சம்பளப் பிரிவு ஊழியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், இதில் தவறினால் அடிபடுகிறவர்கள் கம்ப்யூட்டர்க்காரர்கள் இல்லை என்பதுதான். 2016 பிப்ரவரியில் கனடா அரசு ஃபீனிக்ஸ் என்ற புதிய சம்பள அமைப்பைத் தொடங்கியது. பழைய சம்பள ஆலோசகர்களில் பலரை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்தேதியிட்ட சம்பளப் பாக்கியைக் கணக்கிடுவது போன்ற முக்கியமான வேலைகளைச் செலவைக் குறைக்க வெட்டினார்கள். முன்னோட்டம் பார்ப்பதையும் கைவிட்டார்கள். விளைவு, லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களுக்குக் கூடுதலாக, குறைவாக, அல்லது சுத்தமாக இல்லாமல் சம்பளம். வீட்டுத் தவணை கட்ட முடியாமல் தவித்தவர்கள் உண்டு. 2018இல் அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர், புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று அறிக்கை கொடுத்தார். லியோக்காரர்கள் 9 கிலோபைட்டில் காட்டிய பொறுமையை இவர்கள் ஏன் காட்டவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்று 2019 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தில். மை பேரோல் எச்.ஆர். என்ற சம்பளச் சேவைக் கம்பெனி சுமார் 4,000 சிறு முதலாளிகளுக்குச் சம்பளம் போட்டுக் கொடுத்தது. முதலாளிகளின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து, இடையில் ஒரு நிறுவனத்தின் பொதுக் கணக்கில் வைத்து, அங்கிருந்து ஊழியர்களுக்கு அனுப்புவது வழக்கம். அந்த வாரம் அனுப்பிய கோப்பில், பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கு எண் மாறியிருந்தது. முதலாளிகளின் பணம் அந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்குக்கே போய்விட்டது. இடைநிறுவனமோ வழக்கம்போல ஊழியர்களுக்குச் சம்பளத்தை அனுப்பிவிட்டிருந்தது. சுமார் 2 கோடியே 60 லட்சம் டாலர் துண்டு விழுந்ததைப் பார்த்ததும், ஊழியர்கள் கணக்கில் போட்ட சம்பளத்தைத் திருப்பி எடுக்கும்படி வங்கிகளுக்குக் கோப்பு அனுப்பியது. அந்தக் கோப்பு வடிவத்தில் பிழை. சரிசெய்து இரண்டாவது கோப்பு அனுப்பினார்கள். சில வங்கிகள் இரண்டையும் நிறைவேற்றிவிட்டன! வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததென்று கடைக்குப் போனவர்களின் கணக்கில் பணம் எதிர்மறையில் நின்றது. கம்பெனி அதிபருக்கு 2021இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஏமாற்றியது மனிதர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே திருப்பி எடுப்பை இரண்டு தடவை செய்யாமல் தடுக்கும் தனி எண் அங்கே இல்லாமல் போனதுதான் ஏழை ஊழியரை இரண்டாம் தடவையும் அடித்தது.

இப்படிப்பட்ட இடங்களில் "அது லைப்ரரியோட தப்பு" என்றோ "சேவைக் கம்பெனியைக் கேளுங்க" என்றோ சொல்லிக் கைகழுவுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் வராத தொழிலாளி கேட்பது தன் முதலாளியை. அவருக்கு லைப்ரரியும் தெரியாது, ஏ.பி.ஐ.யும் தெரியாது. இரவல் வாங்கிய நாடாவை ஓட்டியவன்தான் விடைக்கும் பொறுப்பு என்று கேம்பிரிட்ஜ் அலமாரி காலத்தில் யாரும் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. ஏனென்றால் நாடாவை எழுதியவர் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பார். சந்தேகம் என்றால் எழுந்து போய்க் கேட்டுவிடலாம்.

எட்சாக்கை 1958இல் நிறுத்திவிட்டார்கள். முதல் லியோ 1965 ஜனவரிவரை ஓடியது. லயன்ஸின் கம்ப்யூட்டர்ப் பிரிவு கைமாறிக் கைமாறி 1968இல் ஐ.சி.எல். கம்பெனிக்குள் கரைந்தது. வீலர் 2004இல் காலமானார், காமினர் 2008இல், வில்க்ஸ் 2010இல். மேரி கூம்ஸ் 93 வயதுவரை இருந்து 2022இல் மறைந்தார். இங்கிலாந்தில் பிளெச்லி பார்க் வளாகத்திலுள்ள கணினி அருங்காட்சியகத்தில் எட்சாக்கை மறுபடி வால்வு வால்வாகக் கட்டும் வேலையைத் தன்னார்வலர்கள் எடுத்துச் செய்து வருகிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் கேம்ப்பெல்-கெல்லி உருவாக்கிய எட்சாக் போலிமெஷின் ஒன்று இருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும், அந்தக் கால நிரல்களை அதில் ஓட்டிப் பார்க்கலாம். நம் கணினி ஆய்வகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் நிறுவிப் பாருங்கள். வகுத்தல் தெரியாத மெஷினிடம் 355ஐ 113ஆல் வகுக்கச் சொல்லுங்கள். வீலர் தாவலை நீங்களே எழுத வேண்டியிருக்கும்.